கூலியும் வேலை நேரமும்: சமன்பாடு போடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருப்பூர், பல்லடம், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் வளரும் பிள்ளைக்கு ஷிப்ட், பீஸ் ரேட் (பீஸ் ஒன்றுக்கு இவ்வளவு என்ற கூலி), முன்பணம், சனிக்கிழமைச் சம்பளம் எல்லாம் காதில் விழுந்துகொண்டே இருக்கும் சொற்கள்தாம். ஆனாலும் எட்டாம் வகுப்பில் 'நேரமும் வேலையும்', ஒன்பதாம் வகுப்பில் இரு மாறிச் சமன்பாடு, பிறகு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 என்று அதே விஷயம் வாக்கியக் கணக்காக வரும்போது தடுமாற்றம் வந்துவிடுகிறது. அந்தத் தடுமாற்றம் எந்தெந்த இடத்தில் வருகிறதோ, அந்தந்த இடங்களுக்கான பதில்கள் இங்கே. கூலி வீதங்கள் யாவும் கணக்குக்காக வைத்தவை. நடப்பு ஒப்பந்தக் கூலி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படித்தால் புரிகிறது, சமன்பாடு மட்டும் வரமாட்டேன் என்கிறது. எங்கே தொடங்குவது?

கேள்வியின் கடைசி வரியில் தொடங்குங்கள். அங்கேதான் எது தெரியாது என்று சொல்லியிருப்பார்கள். அதற்கு ஓர் எழுத்து வைத்து, அது எதைக் குறிக்கிறது என்பதை அலகோடு முழு வாக்கியமாக எழுதுங்கள். 'ந = நாள்' என்று எழுதினால் போதாது. 'ந = ஒரு ஷிப்ட் மட்டும் பார்த்த நாள்களின் எண்ணிக்கை' என்று எழுத வேண்டும்.

கணக்கு: ஒரு டெய்லருக்கு ஷிப்டுக்கு ரூ.540. வாரத்தில் ஆறு நாள் வேலை. சில நாள் ஒரு ஷிப்ட், மற்ற நாள் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை கைக்கு வந்தது ரூ.4,320. ஒரு ஷிப்ட் பார்த்தது எத்தனை நாள்?

ஒன்றரை ஷிப்டுக்கு 540 × 1.5 = ரூ.810. ஒரு ஷிப்ட் நாள் ந என்றால் மீதி நாள் (6 − ந). பணம் இரண்டு வழியில் வந்திருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 4,320 வர வேண்டும்.

540ந + 810(6 − ந) = 4320
540ந + 4860 − 810ந = 4320
270ந = 540
ந = 2

இரண்டு நாள் ஒரு ஷிப்ட், நான்கு நாள் ஒன்றரை. இந்தக் கணக்கில் (6 − ந) என்று எழுதத் தோன்றாதவர்கள் இரண்டாவது எழுத்து ஒன்றை வைத்துவிட்டு, சமன்பாடு ஒன்றுதான் இருக்கிறதே என்று நின்றுவிடுகிறார்கள். 'வாரத்தில் ஆறு நாள்' என்பதும் ஒரு தகவல். அதைப் பயன்படுத்தியிருக்கிறோமா என்று பாருங்கள்.

நான் போட்ட சமன்பாடு சரியா என்று விடை காண்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் மனதில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: ஒரு சமன்பாட்டில் கூட்டல், கழித்தல் குறிகளுக்கு நடுவே இருக்கும் ஒவ்வொரு உறுப்பும் ஒரே அலகில் இருக்க வேண்டும். மேலே 540ந என்பது 'நாளுக்கு ரூபாய் × நாள்', அதாவது ரூபாய். 810(6 − ந) என்பதும் ரூபாய், 4320உம் ரூபாய். சரி.

'540 + ந = 4320' என்று எழுதினால் ரூபாயோடு நாளைக் கூட்டியதாகிவிடும். அலகைப் பார்த்த உடனே தவறு பிடிபட்டுவிடும். பைசாவும் ரூபாயும் கலப்பதும் இந்த வகைத் தவறுதான். பீஸுக்கு 85 பைசா என்றால் சமன்பாட்டில் 0.85 வர வேண்டும், இல்லையென்றால் எல்லாவற்றையும் பைசாவாக்கிவிட வேண்டும்.

எட்டரை மணி நேரத்தை 8.30 என்று எழுதலாமா?

கூடாது. மணிக்கு நிமிடம் அறுபது; தசமப் புள்ளிக்குப் பின்னால் வருவது நூறில் பங்கு. எட்டரை மணி 8.5. ஏழே முக்கால் மணி 7.75. மணிக்கு ரூ.72 வீதம் 7 மணி 45 நிமிடத்துக்கு 72 × 7.75 = ரூ.558. அதையே 7.45 என்று போட்டால் ரூ.536.40 வரும். ஒரே நாளில் ரூ.21.60 குறைந்துவிடும்.

10, 20, 40 நிமிடம் வந்தால் தசமத்தை விட்டுப் பின்னத்துக்குப் போங்கள். 10 மணி 20 நிமிடம் என்பது 10⅓ மணி, அதாவது 31/3. மணிக்கு ரூ.66 என்றால் 66 × 31/3 = ரூ.682. 10.33 என்று போட்டால் 681.78 வரும். விடைத் தேர்வுகளில் 682 மட்டும் இருக்கும்போது, எங்கே தப்பு என்று தேடி நேரம் போகும்.

இரவு ஷிப்ட் நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

முடியும் நேரத்தோடு 24ஐக் கூட்டிக் கழியுங்கள். இரவு 10 மணி முதல் காலை 6.30 வரை: 30 மணி 30 நிமிடத்தில் 22 மணி போனால் 8 மணி 30 நிமிடம். சாப்பாட்டு நேரம், டீ நேரம் கழிக்கச் சொல்லியிருக்கிறதா என்று கேள்வியை ஒருமுறை பாருங்கள். சொல்லாமல் நாமாகக் கழிக்கக் கூடாது.

ஒன்றரை ஷிப்டும் ஒன்றரை மடங்கு ஓவர்டைமும் ஒன்றா?

இல்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் மற்ற ஊர்ப் பிள்ளைகளைவிட அதிகமாக மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

திருப்பூரில் ஒரு ஷிப்ட் 8 மணி நேரம் என்றால் ஒன்றரை ஷிப்ட் 12 மணி நேரம். கூலியும் ஒன்றரை மடங்கு, நேரமும் ஒன்றரை மடங்கு. ஷிப்டுக்கு ரூ.540 என்றால் மணிக்கு ரூ.67.50, ஒன்றரை ஷிப்டுக்கு ரூ.810, அதை 12ஆல் வகுத்தாலும் அதே ரூ.67.50. ஆக, மணிக் கூலி ஒரு பைசாகூட ஏறவில்லை.

ஓவர்டைம் என்பது மணிக் கூலியே ஏறுவது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு, நாளுக்கு 9 மணி நேரத்துக்கோ வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கோ மேல் பார்த்த வேலைக்குச் சாதாரண வீதத்தைப் போல இரு மடங்கு கூலி என்றது. 2020இல் இயற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் கூடுதல் நேரத்துக்கு இரு மடங்கு என்றே சொல்கிறது. 59ஆம் பிரிவின்படி அதே 12 மணி நேரத்தைப் போட்டுப் பாருங்கள்:

9 × 67.50 + 3 × 135 = 607.50 + 405 = ரூ.1,012.50

ஒன்றரை ஷிப்ட் கூலிக்கும் இதற்கும் வித்தியாசம் ரூ.202.50. கணக்கில் கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. வேலைக்குப் போகும் பிள்ளைக்குத் தன் கூலிச் சீட்டைத் தானே படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் கணக்குகளில் '40 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு' என்று வருவது அமெரிக்கச் சட்டத்தின் வழக்கம். 40, 48, ஒன்றரை, இரண்டு ஆகியவற்றில் கேள்வி எதைச் சொல்கிறதோ அதைத்தான் எடுக்க வேண்டும்.

ஓவர்டைம் கணக்கில் மொத்த மணி நேரத்தைக் கேட்டால்?

கணக்கு: மணிக்கு ரூ.65. வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேல் இரு மடங்கு. அந்த வாரம் வந்தது ரூ.4,030. மொத்தம் எத்தனை மணி நேரம் வேலை?

முதலில் ஓவர்டைம் நடந்ததா என்று பாருங்கள். 48 × 65 = ரூ.3,120. வந்தது அதைவிட அதிகம், ஆகவே நடந்திருக்கிறது. இதைப் பார்க்காமல் சமன்பாட்டுக்குப் போகக் கூடாது. வந்த தொகை 3,120க்குக் கீழே என்றால் வெறும் 65ஆல் வகுப்பதோடு வேலை முடிந்துவிடும்.

மொத்த நேரம் ம மணி என்றால்:

3120 + 130(ம − 48) = 4030
130(ம − 48) = 910
ம − 48 = 7
ம = 55

அடிக்கடி வரும் தவறு: 65ம + 130(ம − 48) = 4030. இதில் ம = 52.67 என்று வரும். காரணம், 48க்கு மேற்பட்ட மணிகள் 65ம என்பதற்குள் ஒரு முறை வந்துவிட்டன; பிறகு அவற்றுக்கே 130 மறுபடியும் சேர்ந்திருக்கிறது. ஆக, ஓவர்டைம் மணிக்கு மூன்று மடங்கு கூலி கொடுத்ததாகிவிட்டது. எல்லா மணிக்கும் 65 என்று தொடங்க ஆசைப்பட்டால், மேலே சேர்ப்பது கூடுதலான 65ஆக மட்டும் இருக்க வேண்டும்: 65ம + 65(ம − 48) = 4030. இதிலும் 130ம = 7150, ம = 55 என்று சரியாக வரும்.

மணிக் கூலி தெரியாமல் நேரம் தெரிந்திருந்தால் இன்னும் எளிது. 54 மணி நேரம் பார்த்து ரூ.4,200 வாங்கினால், மணிக் கூலி வ என்று வைத்து 48வ + 6 × 2வ = 60வ. ஆகவே வ = ரூ.70. ஓவர்டைம் ஒரு மணியைச் சாதா மணி இரண்டாக எண்ணிக்கொண்டால் இப்படிப்பட்ட கணக்கை மனதிலேயே போடலாம்.

டெய்லர் கூலி, கைமடி (துணியை மடித்துக் கொடுத்து டெய்லருக்கு உதவும் ஆள்) கூலி இரண்டும் தெரியாது. எப்படிப் பிரிப்பது?

ஐந்து டெய்லருக்கும் மூன்று கைமடிக்கும் சேர்த்து ஒரு ஷிப்டுக்கு ரூ.3,870. நான்கு டெய்லருக்கும் நான்கு கைமடிக்கும் ரூ.3,720. இங்கே 'ட = டெய்லர்' என்று எழுதினால் வினை வரும். ட என்பது ஆளோ, ஆள்களின் எண்ணிக்கையோ அல்ல, ஒரு டெய்லரின் ஒரு ஷிப்ட் கூலி. அதேபோல க என்பது ஒரு கைமடியின் ஒரு ஷிப்ட் கூலி.

5ட + 3க = 3870
4ட + 4க = 3720

நீக்கல் முறை என்றதும் 4ஆலும் 5ஆலும் பெருக்கக் கிளம்பிவிட வேண்டாம். இரண்டாவது சமன்பாட்டை 4ஆல் வகுத்தால் ட + க = 930. அதை மூன்றால் பெருக்கினால் 3ட + 3க = 2790. முதல் சமன்பாட்டிலிருந்து அதைக் கழித்தால் 2ட = 1080. ட = ரூ.540, க = ரூ.390.

இரண்டு சமன்பாடு இருந்தும் விடை வராமல் 0 = 0 என்று நிற்கிறதே?

இரண்டாவது வரி புதிதாக எதுவும் சொல்லவில்லை என்று பொருள். '10 டெய்லர், 6 கைமடிக்கு ரூ.7,740' என்பது முதல் வரியை இரட்டிப்பாக்கியது, அவ்வளவுதான். எண்ணற்ற விடைகள் பொருந்தும். அதே ஆள்களுக்கு ரூ.7,900 என்று கொடுத்திருந்தால் எந்த விடையும் பொருந்தாது. கேள்வியை இன்னொரு முறை படியுங்கள். பெரும்பாலும் ஓர் எண்ணைத் தவறாக எடுத்து எழுதியிருப்போம்.

பீஸ் ரேட்டா, ஷிப்டா, எது லாபம் என்று கேட்கும் கணக்கு?

இரண்டு வருமானமும் சமமாகும் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். மணிக்கு ரூ.70, அல்லது பீஸுக்கு ரூ.1.80. மணிக்குப் ப பீஸ் என்றால் 1.80ப = 70, ப = 38.9. பீஸில் முழு எண்தான் உண்டு. 38 தைத்தால் ரூ.68.40, 39 தைத்தால் ரூ.70.20. ஆகவே மணிக்கு 39 பீஸாவது எடுக்கிறவருக்குத்தான் பீஸ் ரேட் லாபம். இந்த இடத்தில் வழக்கமான முழுமையாக்கல் விதியைப் பார்க்கக் கூடாது, 38.2 என்று வந்திருந்தாலும் விடை 39தான்.

விசைத்தறிக் கணக்கில் பிக், மீட்டர், மணி மூன்றும் சேர்ந்து வருகிறது. என்ன செய்வது?

சோமனூர், பல்லடம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழகிய கணக்கு. பாவுக்கு (நீளவாக்கு இழைகளுக்கு) குறுக்கே ஊடை (குறுக்கு இழை) ஒரு முறை போனால் ஒரு பிக். தறி நிமிடத்துக்கு 150 பிக் ஓடுகிறது, துணியில் அங்குலத்துக்கு 52 பிக், மீட்டருக்கு நெசவுக் கூலி ரூ.3.50 என்று வைத்துக்கொள்வோம். ஒரே தாவலில் கூலிக்குப் போகாமல், அலகை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போங்கள்.

மணிக்கு 150 × 60 = 9,000 பிக். ஆனால் அறுந்த இழைக்கு முடி போடவும், ஊடை நூல் சுற்றிய தார் மாற்றவும் தறி நிற்கும். ஓட்டத் திறன் 80 சதவீதம் என்று கேள்வியில் இருந்தால் 7,200 பிக். ஒரு மீட்டர் 39.37 அங்குலம்; ஆகவே மீட்டருக்கு 52 × 39.37, ஏறத்தாழ 2,047 பிக். 7200 ÷ 2047 = மணிக்குச் சுமார் 3.52 மீட்டர். ஆறு தறி பார்ப்பவருக்கு மணிக்கு 21.1 மீட்டர், கூலி சுமார் ரூ.74.

இதில் இரண்டு இடத்தில் சறுக்குகிறது. ஒன்று, 52ஐ மீட்டருக்கான பிக் என்று எடுத்துக்கொள்வது. அப்போது ஒரு தறி மணிக்கு 138 மீட்டர் நெய்ததாக வரும், தறிக்குடோனைப் பார்த்தவர் யாரும் அதை நம்ப மாட்டார்கள். இன்னொன்று, 80 சதவீதத்தைப் பிக்கிலும் போட்டு, கடைசியில் கூலியிலும் மறுபடி போடுவது.

இருவர் சேர்ந்து முடித்த வேலைக்குக் கூலியை எப்படிப் பங்கிடுவது?

செய்த வேலையின் விகிதத்தில். ஒரு மஞ்சள் காட்டை முதல் ஆள் தனியாக வெட்டினால் 6 நாள், இரண்டாம் ஆள் தனியாக வெட்டினால் 9 நாள். இருவரும் சேர்ந்து முடித்தார்கள், கூலி ரூ.4,500. ஒரு நாள் வேலை 1/6, 1/9. விகிதம் 3 : 2. பங்கு ரூ.2,700, ரூ.1,800.

6 : 9 என்று பிரித்தால் மெதுவாக வெட்டியவருக்கு அதிகம் போய்விடும். நாள் கூடினால் வேகம் குறைவு என்பதை நினைவில் வைத்தால் இந்தத் தவறு வராது.

மூன்றாவது ஆள் சேர்ந்து 3 நாளில் முடிந்தது என்றால்: அவருடைய ஒரு நாள் வேலை 1/3 − 1/6 − 1/9 = 1/18. மூன்று நாளில் மூவரும் செய்தது 1/2, 1/3, 1/6. பங்கு ரூ.2,250, ரூ.1,500, ரூ.750.

ஆள், நாள், மணி மூன்றும் மாறினால்?

மூன்றையும் பெருக்கி 'ஆள்-மணி' ஆக்குங்கள். 12 பேர் நாளுக்கு 8 மணி வீதம் 5 நாளில் முடித்த வேலை 480 ஆள்-மணி. 10 பேர் நாளுக்கு 6 மணி பார்த்தால் 480 ÷ 60 = 8 நாள்.

கூலி கேட்டால் அடுத்த கேள்வி: கூலி மணிக்கா, நாளுக்கா? மணிக்கு ரூ.60 என்றால் இரண்டு வகையிலும் ரூ.28,800தான். நாளுக்கு ரூ.480 என்றால் முதல் வகையில் 60 ஆள்-நாள், ரூ.28,800, இரண்டாவதில் 80 ஆள்-நாள், ரூ.38,400. வேலை அதேதான், செலவு மட்டும் ரூ.9,600 கூடிவிட்டது. இதைக் கவனிக்காமல் 'வேலை மாறவில்லை, கூலியும் மாறாது' என்று எழுதுகிறவர்கள் ஏராளம்.

வராத நாளுக்குப் பிடித்தம் உள்ள கணக்கில் ஏன் எப்போதும் தப்பு வருகிறது?

அடைப்புக்குறிதான் காரணம். வேலைக்கு வந்தால் ரூ.600, வராவிட்டால் ரூ.100 பிடித்தம். 26 நாளில் கிடைத்தது ரூ.13,500. வேலைக்கு வந்தது எத்தனை நாள்? வந்த நாள்களின் எண்ணிக்கை ந என்றால்:

600ந − 100(26 − ந) = 13500
600ந − 2600 + 100ந = 13500
700ந = 16100
ந = 23

அடைப்புக்குறியைப் போடாமல் 600ந − 100 × 26 − ந என்று எழுதினால் 599ந = 16100, ந = 26.88. இருப்பதே 26 நாள். அங்கேயே நின்று திரும்பிப் பார்க்க வேண்டும். கழித்தல் குறி உள்ளே நுழையும்போது −ந என்பது +ந ஆகும். அதை மனதில் செய்யாமல் ஒரு வரி கூடுதலாக எழுதிச் செய்யுங்கள்.

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் போகக் கைக்கு வந்த தொகையிலிருந்து முழுச் சம்பளத்தைக் காண்பது எப்படி?

தொழிலாளியின் பங்கு பி.எஃப்.க்கு 12%, இ.எஸ்.ஐ.க்கு 0.75%. இரண்டையும் ஒரே சம்பளத்தின் மீது பிடிப்பதாகக் கேள்வி சொன்னால், கைக்கு வருவது 87.25%. முழுச் சம்பளம் ச என்று வைத்து, ரூ.10,470 வந்தது என்றால் 0.8725ச = 10470, ச = ரூ.12,000.

10,470உடன் 12.75% கூட்டக் கூடாது, ரூ.11,804.93 என்று தவறாக வரும். பிடித்தம் போட்டது முழுச் சம்பளத்தின் மீது. நாம் கூட்டுவதோ குறைந்த தொகையின் மீது. முன்பணம் இதிலிருந்து வேறு. அது சதவீதம் அல்ல, நேரடித் தொகை. ரூ.1,000 முன்பணமும் பிடித்திருந்தால் 0.8725ச − 1000 என்று எழுதி, முதலில் ஆயிரத்தைத் திருப்பிக் கூட்டிவிட்டுப் பிறகு வகுக்க வேண்டும்.

இரண்டு வீதத்தில் வேலை பார்த்தால் சராசரி மணிக் கூலி என்ன?

மொத்தக் கூலியை மொத்த நேரத்தால் வகுங்கள். ரூ.60 வீதம் 30 மணி, ரூ.75 வீதம் 20 மணி என்றால் 3300 ÷ 50 = ரூ.66. இரண்டு வீதத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் வரும் ரூ.67.50 தவறு. நேரம் இரண்டிலும் சமமாக இருந்தால்தான் அது சரியாகும்.

போட்டித் தேர்வில் சமன்பாடு எழுத நேரமில்லை. குறுக்கு வழி?

'எல்லாம் ஒரே வகை' என்று வைத்துப் பாருங்கள். முதல் கணக்கில் ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் என்றால் ரூ.4,860. வந்தது 4,320, குறைவு 540. ஒரு ஷிப்ட் நாள் ஒவ்வொன்றுக்கும் குறைவது 270. 540 ÷ 270 = 2 நாள். சமன்பாட்டில் நடந்ததும் இதேதான்.

விடைத் தேர்வு நான்கு கொடுத்திருந்தால், எண்களை வரிசைப்படுத்தி நடுவில் உள்ள ஒன்றை முதலில் போட்டுப் பாருங்கள். தொகை கூடினதா குறைந்ததா என்பதை வைத்துப் பாதித் தேர்வுகள் கழிந்துவிடும்.

விடையைச் சரிபார்க்கும்போது சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் போதுமா?

போதாது. சமன்பாடே தப்பாக இருந்தால் தப்பான விடை அதில் அழகாகப் பொருந்தும். கேள்வியின் வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள். ஓவர்டைம் கணக்கில் 55 மணி என்று வந்ததா? அதில் 48 மணிக்கு ரூ.3,120, மீதி 7 மணிக்கு ரூ.130 வீதம் ரூ.910, கூட்டினால் ரூ.4,030. சரி. தவறாக வந்த 52.67ஐ இதேபோல் போட்டால் 3,120 + 4.67 × 130, சுமார் ரூ.3,727தான் வரும், தப்பு வெளியே வந்துவிடும்.

விடையின் தன்மையையும் பாருங்கள். மணி பின்னமாக வரலாம், ஆள் பின்னமாக வரக் கூடாது. நாள் எதிர்மறையாக வந்தால் எங்கோ குறி மாறியிருக்கிறது. வாரத்துக்கு மொத்தமே 168 மணி நேரம்தான். அதைத் தாண்டிய விடை வந்தால் நிமிடத்தையும் மணியையும் எங்கே கலந்தோம் என்று தேடத் தொடங்குங்கள்.